ஓபர்லின்: ஒரு பிடிவாத ஊர் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வரைபடத்தில் ஊரைத் தேடிப் பார்த்தேன். நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிச் சில தெருக்கள், அதற்கு அப்பால் வயல். மிட்வெஸ்டின் எல்லாச் சிற்றூர்களும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. எனக்கு அது ஊராகவே தெரியவில்லை, கல்லூரிக்கு வெளியே நான்கு கடைகள், அவ்வளவுதான். பழைய கட்டுரை ஒன்றில் நீங்கள் ஓபர்லினைப் ‘பிடிவாத ஊர்’ என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்து போயிருந்தீர்கள். இணையத்தில் தேடினால் சிலர் அதை அமெரிக்க முற்போக்கின் தாய்வீடு என்கிறார்கள். வேறு சிலர், ஒரு பேக்கரிக்காரர் மீது அவதூறு சொல்லிக் கோடிக்கணக்கில் இழப்பீடு கட்டிய கல்லூரி என்கிறார்கள். எதை நம்புவது? பெண்ணை நான்கு வருடம் அனுப்பி வைக்கிற ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நீங்கள் படித்த இரண்டுமே உண்மைதான். இரண்டும் ஒரே குணத்திலிருந்து வந்தவை என்பதால்தான் அன்று ‘பிடிவாத ஊர்’ என்று எழுதினேன். ஒரு வரியில் விட்டதை இப்போது கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு கடைகள். ஊர் பின்னால் வந்து கல்லூரியோடு ஒட்டிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். 1833இல் ஜான் ஷிப்பர்ட் என்ற பாதிரியாரும் அவருடைய நண்பர் ஃபைலோ ஸ்டூவர்ட்டும் அடர்ந்த காட்டில், களிமண் சேற்றில், ஊரையும் கல்லூரியையும் ஒரே திட்டமாகத் தொடங்கினார்கள். பிரான்சின் அல்சாஸ் மலைக்கிராமங்களில் சாலை போட்டு, பள்ளிக்கூடம் நடத்தி 1826இல் மறைந்த ஓபர்லின் என்ற பாதிரியாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். நில முதலாளிகளிடம் 500 ஏக்கர் தானமாக வாங்கினார்கள். இன்னும் 5,000 ஏக்கரை ஏக்கர் ஒன்றரை டாலருக்குப் பேசி, குடியேற வந்தவர்களுக்கு இரண்டரை டாலருக்கு விற்றார்கள். இடையில் நின்ற ஒரு டாலரில்தான் கல்லூரி எழுந்தது. அதாவது அந்த ஊரில் வீட்டுமனை வாங்கிய ஒவ்வொருவரும் கல்லூரிக்குக் கொடை கொடுத்தவர்தான்.

மனையோடு ஓர் உடன்படிக்கையிலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தேவைக்கு மேல் சேரும் செல்வத்தைப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்போம், எளிய உணவு உண்போம், புகையிலை தொட மாட்டோம், காட்டமான பானங்களையும், கூடியவரை தேநீரையும் காப்பியையும்கூடக் குடிக்க மாட்டோம், இறுக்கமான ஆடையும் ஆடம்பர வீடும் வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. காப்பியைக்கூட விட்டுவைக்காத அந்தக் கண்டிப்பைக் கும்பகோணத்துக்காரர்களிடம் சொல்லிப் பார்க்க ஆசை. வேடிக்கையாக இருந்தாலும் ஊரின் சுபாவம் அந்தத் தாளில் இருக்கிறது. எது சரி என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவெடுத்தபின் பக்கத்து வீட்டுக்காரரின் சமையலறைவரை எட்டிப் பார்ப்பார்கள்.

ஓபர்லினைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது, 1835இலேயே கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்த கல்லூரி என்பது. உண்மை. ஆனால் அந்தக் கதவு திறந்த விதத்தை யாரும் சொல்வதில்லை. கல்லூரி அப்போது கையில் காசில்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதே வேளையில் சின்சினாட்டியில் லேன் இறையியல் கல்லூரி மாணவர்கள் அடிமை முறைக்கு எதிராக விவாதம் நடத்தினார்கள். நிர்வாகம் வாயை மூடச் சொன்னது, அவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். நியூயார்க் வணிகர்களான டாப்பன் சகோதரர்கள் அவர்களுக்குப் பண உதவி செய்யத் தயாராக இருந்தார்கள். மாணவர்களும் பணமும் ஒன்றாக வரும், ஆனால் நிறம் பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அறங்காவலர்கள் தயங்கினார்கள். ஊரில் பயம் பரவியது. வாக்கெடுப்பில் இரு பக்கமும் சமமாக நின்றன. தலைவராக இருந்த ஜான் கீப் போட்ட ஒற்றை வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தின் வாசகமும் வீரமானதல்ல, சுற்றி வளைத்து எழுதியது. கொள்கையும் கடன் நெருக்கடியும் ஒரே மேசையில் அமர்ந்து எடுத்த முடிவு அது. எனக்கு இதனால் அந்த முடிவின் மதிப்பு குறையவில்லை. 1837 பொருளாதார வீழ்ச்சியில் டாப்பன்கள் நொடித்துப்போனார்கள், எதிர்பார்த்த பணம் நின்றது. அப்போதும் ஊர் பின்வாங்கவில்லை. அதே கீப்பை இங்கிலாந்துக்கு அனுப்பி, அடிமை முறையை எதிர்த்தவர்களிடம் நன்கொடை திரட்டிக்கொண்டு வந்தது.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். 1841இல் மூன்று பெண்கள் ஆண்களுக்குரிய அதே பாடத்திட்டத்தை முடித்துப் பட்டம் வாங்கினார்கள். அமெரிக்காவில் அது பெரிய செய்தி. அதே காலத்தில் திங்கட்கிழமைகளில் பெண்களுக்கு வகுப்பு கிடையாது. காரணம், அன்று அவர்கள் ஆண் மாணவர்களின் துணிகளைத் துவைக்க வேண்டும். 1847இல் லூசி ஸ்டோன் பட்டம் பெறும்போது, விழா உரையை அவர் எழுதலாம், ஆனால் ஓர் ஆண்தான் வாசிப்பார் என்றார்கள். அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிற்காலத்தில் பெண்ணுரிமை மேடைகளில் நாடறிந்த பேச்சாளரானவர் அவர். அந்த ஊர் கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் நின்று கணக்குப் பார்க்கும். உள்ளே வந்தவர்கள்தான் அந்தக் கணக்கோடு சண்டை போட்டு வழியை அகலமாக்கினார்கள்.

இனி 1858. அப்போது ஊரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். தெற்கே அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து வேலை பார்த்து வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தப்பியவரைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க உதவுவது குடிமக்களின் கடமை, தடுப்பது குற்றம் என்று 1850ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொன்னது. கென்டக்கியிலிருந்து தப்பி வந்த ஜான் பிரைஸ் என்ற இளைஞனைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். ஊருக்குள் கை வைக்கத் துணிவில்லை. உருளைக்கிழங்கு தோண்ட ஆள் வேண்டும் என்று ஒரு சிறுவனை விட்டு அவனை ஊருக்கு வெளியே அழைத்துவரச் செய்தார்கள். அந்தச் சிறுவனுக்குக் கூலி இருபது டாலர். செப்டம்பர் 13ஆம் தேதி பிரைஸை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ரயில் பிடிக்க வெல்லிங்டனுக்கு விரைந்தார்கள். தெற்கே பதினைந்து கிலோமீட்டர் தொலைவு. எதிரே வந்த ஒரு மாணவன் அந்த வண்டியைப் பார்த்துவிட்டான். அவன் ஊருக்குள் வந்து சொன்னதும் மாணவர்கள், கடைக்காரர்கள், கொத்தனார்கள், கறுப்பர், வெள்ளையர் என்று கிடைத்த குதிரையிலும் வண்டியிலும் ஏறி வெல்லிங்டன் போய், பிரைஸை அடைத்து வைத்திருந்த ஹோட்டலைச் சூழ்ந்துகொண்டார்கள். மணிக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. மாலை ரயில் நேரம் நெருங்கியபோது கூட்டம் உள்ளே புகுந்து, மேல்மாடியிலிருந்து அவனை இறக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓபர்லினில் அவனை ஒளித்து வைத்த வீடு ஜேம்ஸ் ஃபேர்சைல்டுடையது. பிறகு கல்லூரியின் தலைவரானவர். பயந்த சுபாவமுள்ள ஒழுங்கான பேராசிரியர் வீட்டில் யாரும் தேட மாட்டார்கள் என்ற கணக்கு. அங்கிருந்து பிரைஸ் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான்.

முப்பத்தேழு பேர் மீது கூட்டாட்சி அரசு வழக்குப் போட்டது. விசாரணை முடிந்து தண்டனை பெற்றவர்கள் இருவர்: சைமன் புஷ்னெல், சார்லஸ் லாங்ஸ்டன். தண்டனைக்கு முன் லாங்ஸ்டன் நீதிமன்றத்தில் பேசினார். கறுப்பனான எனக்கு என் நிலையிலுள்ளவர்கள் இந்த மன்றத்தில் நீதிபதியாகவோ நடுவராகவோ இல்லை, இன்னொருமுறை நடந்தாலும் இதையே செய்வேன் என்பது அவர் சொன்னதன் சாரம். புஷ்னெல்லுக்கு அறுபது நாள் கொடுத்திருந்த நீதிபதி இவருக்கு இருபது நாளோடு விட்டார். மற்றவர்களில் பலர் ஜாமீன் வேண்டாம் என்று கிளீவ்லாந்து சிறையிலேயே இருந்தார்கள், உள்ளேயே ஒரு பத்திரிகையும் அச்சிட்டார்கள். வெளியே உள்ளூர் அதிகாரிகள் பிரைஸைப் பிடித்தவர்கள் மீதே ஆள்கடத்தல் வழக்குப் போட்டார்கள். கடைசியில் இரு தரப்பும் வழக்கை விட்டுக்கொடுத்தன.

அந்த மீட்பில் கலந்துகொண்ட லூயிஸ் லியரி, ஜான் கோப்லாண்ட் இருவரும் அடுத்த ஆண்டு, அடிமை முறையை ஆயுதமேந்தி ஒழிக்கப் புறப்பட்ட ஜான் பிரவுனோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்குத் தாக்குதலுக்குப் போனார்கள். லியரி அங்கேயே மாண்டார், கோப்லாண்டைத் தூக்கிலிட்டார்கள். லியரியின் மனைவியைப் பின்னாளில் சார்லஸ் லாங்ஸ்டன் மணந்துகொண்டார். அவர்களுடைய மகள்வழிப் பேரன்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். மீட்பு நடந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1862 குளிர்காலத்தில், உடன் தங்கியிருந்த இரண்டு வெள்ளைப் பெண்களுக்கு ஒயினில் விஷம் கலந்து கொடுத்ததாக எட்மோனியா லூயிஸ் என்ற மாணவி மீது புகார் எழுந்தது. கறுப்பின, பழங்குடி மரபுகளில் வந்த பெண். வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே யாரோ அவளை இழுத்துக்கொண்டு போய் அடித்துத் துவைத்து, குளிரில் வயலில் போட்டுவிட்டார்கள். அடித்தவர்கள் பிடிபடவில்லை. அவளுக்காக வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தவர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன், சார்லஸின் தம்பி, ஓபர்லின் பட்டதாரி. பிறகு ஓவியப் பொருள்களைத் திருடினாள் என்றொரு புகார். அதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் படிப்பை முடிக்க விடவில்லை. அவள் தங்கியிருந்த வீடு யாருடையது தெரியுமா? 1835இல் அந்த ஒற்றை வாக்கைப் போட்ட ஜான் கீப்புடையது. எட்மோனியா ரோம் நகருக்குப் போய்ப் புகழ்பெற்ற சிற்பியானார். கல்லூரி அவருக்குப் பட்டம் கொடுத்தது 2022இல்.

ஓபர்லினில் நான் மதிப்பது வெல்லிங்டன் மீட்பைவிட இந்தக் கதையை ஊர் மறைக்காமல் வைத்திருப்பதைத்தான். 1884இல் அங்கே பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணான மேரி சர்ச் டெரல், முப்பது ஆண்டு கழித்துத் தன் மகள்களைச் சேர்க்க வந்தபோது விடுதியில் நிறம் பார்த்து இடம் ஒதுக்குவதைக் கண்டு நிர்வாகத்தோடு மோதினார். தன் காலத்தைவிட ஊர் பின்னுக்குப் போயிருந்ததை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. முன்னேற்றம் நேர்கோட்டில் போகும் என்று நம்புகிறவர்களுக்கு ஓபர்லின் உகந்த ஊரல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886இல், பட்டம் வாங்கி ஓராண்டுகூட ஆகாத சார்லஸ் மார்ட்டின் ஹால், வீட்டுக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். வேதியியல் படித்த அக்கா ஜூலியா உடனிருந்து உதவினார். அதுவரை விலை உயர்ந்த உலோகமாக இருந்ததை மலிவாக்கிய முறை அது, இன்றும் ஆலைகளில் அதுதான். நம் வீட்டு அலுமினியச் சட்டிக்கு மூதாதை அந்தக் கொட்டகை. ஹால் தன் பெரும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். நீங்கள் வரைபடத்தில் பார்த்த சதுக்கம் கட்டடங்கள் இல்லாமல் பச்சையாக இருப்பதற்கும் அவருடைய உயில்தான் காரணம். 1893இல் மதுக்கடைகளை ஒழிக்கும் சங்கமும் இதே ஊரில் பிறந்தது. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விளைவு நமக்கெல்லாம் தெரியும். காப்பியை விலக்கிய கை நாட்டையே பிடித்து உலுக்கிய கதை அது.

இப்போது பேக்கரிக்கு வருகிறேன். கிப்சன்ஸ் 1885 முதல் அங்கே இருக்கிற குடும்பக் கடை. 2016 நவம்பரில் ஒரு கறுப்பின மாணவர் அங்கே மது பாட்டில் திருட முயன்றதில் தொடங்கிக் கைகலப்பு நடந்தது. மது என்பது அந்த ஊருக்கு வரலாறு செய்த கிண்டல். மறுநாளே கடை நிறவெறிக் கடை என்று மாணவர்கள் திரண்டு போராடினார்கள். கல்லூரியும் அவர்கள் பக்கம் சாய்ந்து, கடையில் வாங்குவதைச் சிறிது காலம் நிறுத்தியது. அடுத்த ஆண்டு, சம்பந்தப்பட்ட மூன்று மாணவர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கடைக்காரர் நிறம் பார்த்து நடக்கவில்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னார்கள். குடும்பம் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றது. மேல்முறையீடுகள் முடிந்து 2022இல் கல்லூரி 36 மில்லியன் டாலருக்கு மேல் கட்டியது.

என் கணிப்பில் கல்லூரி செய்தது தவறு, தீர்ப்புத் தொகை மிகை. 1858இல் ஊர் ஓடியது, வண்டியைக் கண்ணால் கண்ட ஒருவன் சொன்னதன் பேரில். 2016இல் கூடியவர்களுக்கு 1858இன் நினைவே போதுமான சாட்சியாகிவிட்டது. இதனால் ஊர்க்காரர்களுக்கும் கல்லூரிக்கும் ஏற்பட்ட கசப்பு லேசில் ஆறுகிற வகையல்ல. உங்கள் மகள் அங்கே கடைத்தெருவில் ஒரு சாயலையும் வகுப்பறையில் வேறொரு சாயலையும் கேட்பாள். இரண்டையும் கேட்கட்டும். ஏறக்குறைய எட்டாயிரம் பேர் வாழும் ஊரில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள் இருந்தால் உரசல் இல்லாமல் இருக்காது.

கடைசியாக, உங்களுக்கு உதவக்கூடிய ஒரு செய்தி. சதுக்கத்தின் ஓரத்தில் 1903இல் கட்டிய நினைவு வளைவு ஒன்று உண்டு. 1900இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியில் கொல்லப்பட்ட ஓபர்லின் மிஷனரிகளுக்கானது. பட்டமளிப்பு நாளில் அதன் வழியே போவதா, சுற்றிக்கொண்டு போவதா என்று மாணவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த ஷான்சியின் பெயரில் தொடங்கிய சங்கம், கம்யூனிச ஆட்சி வந்து சீனாவின் கதவு மூடியபின் வேறு இடங்களைத் தேடியது. அப்படிக் கிடைத்த ஊர்களில் ஒன்று மதுரை. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் பட்டதாரிகள் பல பத்தாண்டுகளாக வந்து தங்கி ஆங்கிலம் கற்பித்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் பலருக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். திருச்சியிலிருந்து மதுரை அருகில்தானே. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.