காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ரோட்டாலா, அனுபியாஸ் செடிகளும் நியான் டெட்ராக்களும் வைத்திருக்கிறேன். செடிகளுக்காக கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டினேன். காஸ் இரவு பகலாக ஓடுகிறது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தண்ணீரில் கரைந்த காஸின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரில் நிறம் பச்சைதான். அனுபியாஸ் இலை ஓரங்களில் கறுப்பு முடி போலப் பாசி வேறு. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் எழுந்துபோய் காஸை மூடுங்கள். ஏர் பம்ப்பைப் போட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

வெளிச்சம் இருக்கும்போதுதான் செடி காஸை எடுத்துக்கொள்ளும். விளக்கு அணைந்தால் அதுவும் மீனைப் போல ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். அந்த நேரத்தில் சிலிண்டரும் ஓடினால் விடிவதற்குள் மீன் திணறிப்போகும். விளக்கு எரிய ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு காஸைத் திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன்பு மூடுங்கள். மின்சாரத்தால் காஸைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வும் டைமரும் இருந்தால் இது தானாக நடக்கும். புதுச் செடி வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இவற்றை வாங்குங்கள்.

அடுத்து அந்தப் பச்சை நிறம். செக்கருக்குள் என்ன ஊற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தொட்டித் தண்ணீரோ போர் தண்ணீரோ என்றால் அந்த நிறத்தை நம்பாதீர்கள். கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கேஎச், சரியாக 4 டிகிரி உள்ள கரைசலில் புரோமோதைமால் ப்ளூ என்ற நிறம் மாறும் சாயத்தைச் சில சொட்டு விட்டிருந்தால்தான், பச்சை என்பது லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் காஸைக் குறிக்கும். கேஎச் 12 உள்ள போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் அதே பச்சைக்கு 90 மில்லிகிராம் என்று பொருள். நியான் டெட்ரா அதைத் தாங்காது. 4 டிகிரி கரைசல் பாட்டிலிலேயே கிடைக்கிறது. அதை ஊற்றி, விளக்கு எரியும் முன் ஒருமுறையும் மதியம் ஒருமுறையும் நிறத்தைப் பாருங்கள். இரவில் ஏறி பகலில் இறங்கும் அளவு மாலையில் மட்டும் பார்த்தால் பிடிபடாது.

கறுப்புப் பாசிக்கும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம். பாசி பிடித்த இலைகளைக் காம்போடு வெட்டிவிடுங்கள். அனுபியாஸ் மெதுவாக வளரும், பொறுமை வேண்டும்.

காஸைக் கூட்டுவதானால் நீங்கள் வீட்டிலிருக்கும் நாளில், குமிழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். செக்கரின் நிறம் மாறவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை மீனைப் பாருங்கள். ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலும் உடனே குறைத்துவிடுங்கள், செக்கர் பச்சையாகவே இருந்தாலும் சரி.