கேட்டது கிடைக்காதபோது ஜெபத்துக்கு என்ன வல்லமை?

"ஜெபத்துக்கு வல்லமை உண்டு என்கிறார்களே, நான் கேட்டது கிடைக்கவில்லை, அப்புறம் எதற்கு ஜெபிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா இறந்த பிறகு இதே கேள்வியோடு நானும் பல மாதம் திரிந்தேன்.

அவர் 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே உட்கார்ந்து முதல் சில நாள் நான் ஜெபித்தது உண்மையில் பேரம்தான்: அவரைப் பிழைக்க வையும், நான் இதைச் செய்கிறேன், அதை விட்டுவிடுகிறேன் என்று. ஒரு கட்டத்தில் வார்த்தை தீர்ந்துபோய், "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதுவரை அந்தக் குழாய்களைப் பார்க்கப் பயந்து கால்மாட்டிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு உள்ளே போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன், ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்த கையைப் பிடித்துக்கொண்டேன், என் கை நடுங்கவில்லை. அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அந்தத் தைரியம் என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்னாளின் கதையை (1 சாமுவேல் 1) அதற்கு அப்புறம்தான் சரியாக வாசித்தேன். பிள்ளை இல்லாத அவள் மனங்கசந்து அழுது ஜெபிக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிடுகிறான். பிறகு அவள் என்ன கேட்டாள் என்றுகூடத் தெரியாமல், தேவன் அதைத் தருவாராக என்று சொல்லி அனுப்புகிறான். அவள் போய்ச் சாப்பிடுகிறாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்கிறது 18ஆம் வசனம். அவள் பிள்ளை சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை, அவள் கருத்தரிக்கவே இல்லை, முகம் அதற்கு முன்பே மாறிவிட்டது. தேவன் செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் பிள்ளை பிறந்ததைத்தான் சொல்கிறோம், இந்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், "இந்தப் பாத்திரம்", அதாவது வரப்போகும் பாடு, நீங்கட்டும் என்று இயேசுவே மூன்று முறை ஜெபித்தும் அது நீங்கவில்லையே. அப்போஸ்தலன் பவுலும், "முள்" என்று அவர் சொன்ன தன் வேதனை நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார், கிடைத்தது "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்.

இப்போது ஜெபிக்கவே வாய் வரவில்லை என்றால், 88ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். கடைசிவரை புலம்பல்தான், ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நான் பல இரவு அதை மட்டும்தான் வாசித்தேன்.