பிரேக் புடிச்சா ஊரே திரும்பிப் பாக்குது!

கேள்வி: அண்ணா, என் சைக்கிள்ல ரெண்டு வீலும் டிஸ்க் பிரேக். போன வாரம் செயின் காஞ்சு கெடக்கேன்னு ஸ்ப்ரே ஆயில் அடிச்சேன், மறுநாள்லேர்ந்து பின் பிரேக்க தொட்டாலே கீய்ய்ய்னு காது கிழியுது, முன்ன மாதிரி நிக்கவும் மாட்டேங்குது. புது பேடு போட்டா சரியாயிடுமா?

பதில்: இருங்க தம்பி, பேடு (டிஸ்க்க ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்கிற கட்டை) வாங்க அதுக்குள்ள கெளம்பாதீங்க. குத்தவாளி யாருன்னு நீங்களே எழுதிட்டீங்க, அந்த ஸ்ப்ரே ஆயில்தான். செயினுக்குன்னு குறி வெச்சு அடிச்சாலும் அது புகையா பரவி பக்கத்துல இருக்குற டிஸ்க் மேல போய் உக்காந்துரும், கண்ணுக்குக்கூட தெரியாது. எண்ணெய் பட்ட பேடு சீரா உரசாது, புடிச்சு விட்டு புடிச்சு விட்டு போகும், அந்த அதிர்வுல டிஸ்க்கே மணி அடிச்ச மாதிரி ரீங்காரம் போட ஆரம்பிச்சிரும். இப்ப டிஸ்க்க தொடைக்காம புது பேடு போட்டீங்கன்னா மிச்ச எண்ணெய அதுவும் குடிச்சிட்டு பழைய பாட்டையே பாடும், காசுதான் தண்டம்.

மொதல்ல டிஸ்க். இப்பத்தான் ஓட்டிட்டு வந்து நிறுத்தியிருந்தா கொஞ்ச நேரம் விட்டுருங்க, சுட்டா தோலே உரிஞ்சிரும். வெள்ளத் துணியில ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்சு ரெண்டு பக்கமும் தொடைங்க. மொத தடவ துணி கருப்பா வழவழன்னு வரும், மடிச்சு மடிச்சு புதுப் பக்கத்தால தொடைச்சிக்கிட்டே இருங்க, கறை ஒட்டாம வரணும். அப்புறம் அத வெறும் கையால தொடாதீங்க, வெரல்லயும் எண்ணெய்ப் பசை இருக்கு.

அடுத்து வீல கழட்டி பேட உருவி வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. நல்ல பேடு மங்கலா சொரசொரன்னு இருக்கும். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா உப்புத்தாள ஒரு சமமான பலகை மேல விரிச்சு, பேட அது மேல லேசா தேய்ங்க, பளபளப்பு போனா போதும், தூசிய மட்டும் மூச்சுல இழுத்துக்காதீங்க. உரசுற பகுதி 1 மில்லிமீட்டருக்கும் கீழ தேஞ்சிருந்தா இந்தக் கதையே வேணாம், மாத்திருங்க. பேட அடுப்பு நெருப்புல காட்டி எண்ணெய எரிச்சிரலாம்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அதுல நம்பிக்கையில்ல, நாத்தம் பிடிச்ச புகைதான் மிச்சம்.

இன்னொண்ணு, ஹைட்ராலிக் பிரேக்கா (கேபிளுக்கு பதிலா குழாய்ல திரவ அழுத்தத்துல வேல செய்யுறது) இருந்தா வீல் கழட்டி இருக்குறப்ப லிவர அமுக்கிராதீங்க, பேட தள்ளுற பிஸ்டன் வெளிய வந்து நின்னுக்கும், அப்புறம் வீல் உள்ள போகாது.

எல்லாத்தையும் மாட்டியாச்சா, இப்பத்தான் நெறைய பேர் விட்டுற வேல. ஆளில்லாத எடத்துல ஓரளவு வேகம் புடிச்சு, நடக்குற வேகம் வர்ற வரைக்கும் பிரேக்க ஒரே சீரா அழுத்தி விடுங்க, வீல் லாக் ஆகக்கூடாது. ஒரு 15, 20 தடவ. பேடோட பொருள் டிஸ்க் மேல மெல்லிசா சமமா படிஞ்சாத்தான் பிடிப்பு வரும். இவ்ளோ பண்ணியும் கத்துனா எண்ணெய் பேடுக்குள்ள ஊறிருச்சுன்னு அர்த்தம், அப்பப் போய் புதுசு வாங்குங்க. அடுத்த வாட்டி செயினுக்கு சொட்டு ஆயில் போதும் தம்பி.

கேள்வி: எனக்கு பிரேக்க தொடாமலே ஷிங் ஷிங்னு சத்தம் வருது. மெக்கானிக்கல் டிஸ்க், அதாவது கேபிள் இழுக்குற வகை. என்ன பண்ணலாம்?

பதில்: வீல தூக்கிச் சுத்தி விட்டு காலிப்பர் (பேடுங்கள உள்ள வெச்சிருக்குற கவ்வி) இடுக்குல பாருங்க, பின்னாடி ஒரு வெள்ளப் பேப்பர் வெச்சா நல்லா தெரியும். ஒரு சுத்துக்கு ஒரு தடவ மட்டும் ஷிங்னா டிஸ்க் எங்கயோ லேசா வளைஞ்சிருக்கு. விடாம உரசுனா வீல் சரியா உக்காரல, இல்ல காலிப்பர் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு. அதனால மொதல்ல வீல லூஸ் பண்ணி நேரா உக்கார வெச்சு டைட் பண்ணிப் பாருங்க, பாதிப் பேருக்கு இதுலயே தீந்துரும், நானே ஒரு தடவ இத பாக்காம ஒரு மணி நேரம் காலிப்பரோட மல்லுக்கட்டியிருக்கேன். தீரலன்னா காலிப்பர மாட்டியிருக்குற ரெண்டு போல்ட்ட லேசா தளர்த்தி, ரெண்டு பக்கமும் இடுக்கு தெரியுற மாதிரி நகர்த்தி, மாத்தி மாத்தி கொஞ்சங்கொஞ்சமா முறுக்குங்க. நெறைய மெக்கானிக்கல் பிரேக்ல வெளிப் பேடு மட்டுந்தான் நகரும், உள் பேடு அசையாது, அத தள்ளி வெக்க காலிப்பரோட உள்பக்கம் ஒரு திருகு இருக்கும். வளைஞ்ச டிஸ்க்குக்கு மட்டும் கட்டிங் பிளேயர எடுத்துட்டு போகாதீங்க, அத நிமித்தறதுக்குன்னே பிளவு வெச்ச சாவி இருக்கு, கடையில குடுத்துருங்க.

கேள்வி: மழையில மட்டும் டிஸ்க் ஊளையிடுதே, பழுதா?

பதில்: இல்ல. தண்ணி காயுற வரைக்கும் அப்படித்தான், நாலஞ்சு தடவ அழுத்துனா நின்னுரும். மெட்டல் பேடுன்னா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே கத்தும். ரெசின் (பிசின் கலந்து செஞ்ச) பேடுக்கு மாத்துனா அமைதி கெடைக்கும், ஆனா சேத்துலயும் மழையிலயும் சீக்கிரம் தேயும், எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.