பாசியில் வாழும் குட்டியூண்டுப் பிராணியான நீர்க்கரடிக்குச் சாவே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

கிடையாது என்று யார் சொன்னது? என் மேசை மேல், என் கண் முன்னால் ஒன்று செத்தது. கொன்றவன் நான்தான்.

நீங்களும் ராத்திரி தூக்கம் வராமல் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "கொதிக்க வைத்தாலும் சாகாது, உறைய வைத்தாலும் சாகாது, விண்வெளியில் விட்டாலும் சாகாது." நானும் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் பழைய மைக்ராஸ்கோப்பைத் தூசி தட்டி எடுத்தேன்.

சுவரில் காய்ந்து கிடந்த பாசியைக் கொஞ்சம் சுரண்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் பிழிந்து, அந்தக் கலங்கல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் வெறும் மண்ணும் நூல் மாதிரி புழுக்களும்தான். நாலாம் நாள் ஒன்று மாட்டியது. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எட்டுக் குட்டைக் கால், ஒவ்வொன்றிலும் வளைந்த நகங்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருந்ததால் வயிற்றில் இருந்த பச்சைச் சாப்பாடுகூடத் தெரிந்தது. கடைசி ஜோடிக் காலால் ஒரு பாசி இலையைப் பிடித்துக்கொண்டு, மற்ற ஆறையும் காற்றில் துழாவுவதுபோலத் துழாவியது. 1773-ல் இதைப் பார்த்த கோட்சே என்ற ஜெர்மன் பாதிரியார் 'சின்ன நீர்க்கரடி' என்று பெயர் வைத்தாராம். வேறு எந்தப் பெயரும் எனக்கும் தோன்றியிருக்காது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. என் மைக்ராஸ்கோப்பில் அப்போது இருந்தது பழைய ஹாலஜன் விளக்கு, அடுப்பு மாதிரி சூடாகும். பேசிவிட்டு வந்தால் கண்ணாடியில் தண்ணீர் இல்லை. கரடி தட்டையாகக் கிடந்தது. தண்ணீர் விட்டேன். உப்பியது, கால்களை நீட்டியது, அவ்வளவுதான். ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீர்க்கரடி தாங்குவதெல்லாம் பெரும்பாலும் காய்ந்த நிலையில்தான். மெதுவாகக் காய்ந்தால் கால்களை உள்ளிழுத்து, பீப்பாய் மாதிரி சுருண்டு, உடம்பின் தண்ணீரை ஏறக்குறைய முழுக்க இழந்து கிடக்கும். சடசடவென்று காய்ந்தால் அந்த ஏற்பாட்டுக்கே நேரம் கிடைக்காது. 2007-ல் விண்வெளிக்கு அனுப்பியதும் காய்ந்த நீர்க்கரடிகளைத்தான். வெற்றிடத்தைத் தாங்கின. ஆனால் வெற்றிடத்தோடு சூரியனின் புற ஊதாக் கதிர் முழுதாகப் பட்டவற்றில் தப்பியவை மிகச் சிலவே. ஓடியாடும் நீர்க்கரடியோ பாவம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் 37 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் வைத்ததும் ஏறக்குறைய பாதி போய்விட்டன. 37 டிகிரி நம் உடம்புச் சூடு ஐயா!

உடனே ஒருவர் வந்து "1983-ல் அண்டார்டிகாவில் எடுத்த பாசியை 30 வருடம் உறைய வைத்த பிறகும் எழுந்ததே, முட்டைகூட இட்டதே" என்பார். தெரியும். நான் மறுக்கவில்லை. அது பெரிய சாமர்த்தியம்தான், ஆனால் சாகாவரம் இல்லை. கனடாவில் கிடைத்த, 7 கோடி வருடத்துக்கும் முந்தைய அம்பரில், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில், டைனோசர் காலத்து நீர்க்கரடி ஒன்று இருக்கிறது. அதுவும் செத்துத்தான் கிடக்கிறது. ஒன்றே ஒன்றைக் கொன்றுவிட்டுப் பேசுகிறானே என்றும் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், நான் என்ன ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதுகிறேன்?

இன்னொரு வயிற்றெரிச்சல். பெட்டியில் '1200 மடங்கு' என்று போட்டுக் குழந்தைகளுக்கு விற்கிறார்களே பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப், அதை வாங்கித் தந்து ஒரு பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுத்த பாவமும் என் கணக்கில் இருக்கிறது. 1200-ல் வெறும் மங்கல்தான் தெரியும். நீர்க்கரடிக்கு 40 மடங்கே போதும், லென்ஸ் நன்றாக இருந்தால் சரி.

அந்தப் பாசியில் மிச்சம் இருந்ததை நிழலில் மெதுவாகக் காயவைத்து, காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். இரண்டு வருடம் ஆகிறது. விளக்கையும் எல்இடிக்கு மாற்றிவிட்டேன். நனைத்துப் பார்க்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.