பழைய சிங்கர் பதக்கமும் புளியும்

மதுரை செல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா புதுமண்டபத்துத் தையல்காரர்களுக்கு மெஷின் ரிப்பேர் பார்த்தவர். அவருடைய டூல் பெட்டியில் மூன்று பழைய பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று நீள்வட்டப் பித்தளை, நீல விளிம்பு, 'சிங்கர்' என்ற பெயரும் '1851–1951' என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. இரண்டாவதில் ஃபிரிட்ஜ் படம், வெள்ளி மாதிரிப் பளபளக்கிறது. மூன்றாவது கறுத்துப்போன செம்பு நிறம். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் ஆங்கில எழுத்து. இதுபோல இன்னும் சேர்க்க ஆசை. இவை என்ன விலை பெறும்? எங்கே தேடுவது? சுத்தம் செய்யலாமா?"

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். தேய்க்காதீர்கள். பித்தளை என்றாலே நம் வீடுகளில் புளியையோ பீதாம்பரிப் பொடியையோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்தில் அந்தக் கறுப்புப் படலம்தான் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் படலத்தோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும், வாங்க வருகிறவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு துளி சோப்பு விட்டு, கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவையுங்கள். நீலப் பூச்சு உள்ளதை அப்படி ஊறவும் வைக்க வேண்டாம். செம்பு நிறப் பதக்கத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் உஷாராக வேண்டும். குளோரைடு உப்பு ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். அதைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. சிங்கர் வில்லை உண்மையில் பதக்கம் அல்ல, மெஷினின் பேட்ஜ். ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். அதன் நூற்றாண்டுக்காக, 1951-ஐ ஒட்டி வந்த மெஷின்களில் 'நூறாண்டு தையல் சேவை' என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தோடு இதைப் பொருத்தினார்கள். ஆணி போன துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காயலானுக்குப் போன ஏதோ ஒரு மெஷினிலிருந்து அப்பா கழற்றி வைத்திருக்கலாம். பேட்ஜ் இன்னும் ஒட்டியிருக்கிற மெஷின் கண்ணில் பட்டால் தயவுசெய்து நெம்பி எடுக்காதீர்கள். மெஷினோடு, அதன் சீரியல் எண்ணோடு இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. எண்ணை வைத்துத் தயாரித்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். தனி பேட்ஜாக விற்பனைக்கு வருவதில் புதிதாக அடித்த நகல்களும் உண்டு.

ஃபிரிட்ஜ் பதக்கம் வெள்ளிதானா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். பதக்கத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 26 கிராம் பதக்கத்துக்குத் தண்ணீரில் 3 காட்டினால் சுமார் 8.7. வெள்ளிக்கு 10.5 பக்கம் வர வேண்டும். 8.5 முதல் 8.9 வரை என்றால் முலாம் பூசிய பித்தளை, அல்லது பெயரில் மட்டும் வெள்ளி இருக்கிற ஜெர்மன் சில்வர். ஏழுக்குச் சற்று மேல் வந்தால் வெள்ளீயக் கலவையாகவோ துத்தநாகமாகவோ இருக்கும். 2.7 என்றால் அலுமினியம். 1886-ல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை வந்து விலை சரிந்த பிறகு, கண்காட்சிகளில் கொடுக்கும் விளம்பர வில்லைகளுக்கு அது தோதான உலோகமாகிவிட்டது. சந்தேகம் தீரவில்லையென்றால் தெற்காவணி மூல வீதி நகைக்கடைப் பகுதியில், உலோகத்தின் தரம் காட்டும் காரட் மெஷின் வைத்திருப்பவர்களிடம் காட்டுங்கள். உரசிப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

அடுப்புப் பதக்கத்தில் பார்க்க வேண்டியது, அது பரிசா விளம்பரமா என்பது. கண்காட்சியில் பரிசு வாங்கியவருக்குத் தந்த பதக்கத்தில் பெரும்பாலும் அவர் பெயர் இருக்கும். 1893 சிகாகோ கண்காட்சிப் பதக்கத்தில் பெயர் அச்சோடு அச்சாகவே ஏறியிருக்கும். கம்பெனி பெயரும் சரக்கின் புகழும் மட்டும் இருந்தால் விளம்பர வில்லை. எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசித்துளைகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரிந்தால் வார்த்தெடுத்த நகலாக இருக்கலாம். அசல் பொதுவாக அச்சில் அடித்தது, எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும்.

விலை விஷயத்தில் உலோகத்தை நம்பி உட்காராதீர்கள். யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதற்கான தாள்தான் விலையைத் தூக்கும். டீலருக்கு வந்த கடிதம், பழைய பில், விலைப்பட்டியல், பதக்கம் வந்த பெட்டி என்று அப்பாவின் சாமான்களில் எது கிடைத்தாலும் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள். இணைய ஏலத் தளங்களில் கேட்கிற விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். கேட்பதற்கு என்ன, யாரும் எதுவும் கேட்கலாம்.

தேட காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்கள் வந்து சேரும் இடம் அது. மதுரையில் என்றால் வெண்கலக்கடைத் தெருவை ஒட்டியும் பழைய இரும்புக் கடைகளிலும் சொல்லி வையுங்கள். ஆனால் என் கணிப்பில் உங்களுக்கு நல்ல வாசல் அப்பாவின் பழைய கூட்டாளிகள்தான். ஓய்வெடுத்துவிட்ட மெக்கானிக்குகள், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்காரர்கள் எல்லோரிடமும் ஒரு டப்பா இருக்கும். அப்படியே தையல் மெஷின் சம்பந்தப்பட்டதை மட்டும் சேர்த்தால் தொகுப்புக்கு ஒரு முகம் கிடைக்கும். ஃபிரிட்ஜையும் அடுப்பையும் மாற்றுக்குக் கொடுக்க வைத்துக்கொள்ளலாம்.

சேர்த்ததை மெத்தென்ற பிவிசி உறைகளில் போடாதீர்கள். நம் வெக்கையில் அது கசிந்து பச்சைப் பிசின் படியும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், ரப்பர் பேண்ட் சுற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். வெளிநாட்டு ஆட்களுக்கு விற்கும் எண்ணம் வந்தால் ஒன்று: 1972 தொல்பொருள் சட்டம் நூறாண்டு தாண்டிய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. 1951 பேட்ஜுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அடுப்புப் பதக்கத்தின் வயது தெரியும்வரை அதைத் தபாலில் போட வேண்டாம்.