டீச்சர் படிக்காமல் விட்ட வரிகள்

கேள்வி: எனக்கு இரண்டாம் வகுப்பு எடுத்த டீச்சர் போன மாதம் 90 வயதில் காலமாகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்கூடம், அதை விட்டால் மாதா கோவில், அவ்வளவுதான் அவர் உலகம். முப்பதாம் நாள் பூசையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று டீச்சரின் தங்கை மகன் கேட்டிருக்கிறார். பிள்ளையார்பட்டிக் கோயிலைச் சேர்ந்த நான் அங்கே நின்று பேசலாமா என்று ஒரு தயக்கம். பெரிய தயக்கம் வேறு.

1971-ல் அப்பச்சி (எங்கள் அப்பா) பினாங்கில் இருந்தார்கள். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) எழுத்துக்கூட்ட மட்டும்தான் தெரியும். கடிதம் வந்தால், பள்ளி விட்டதும் டீச்சர் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்து படித்துக் காட்டுவார். படிக்கும் முன் ஒரு நிமிடம் காகிதத்தைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். போன வருடம் பெட்டகத்தை ஒழித்தபோது அந்தக் கடிதங்கள் கிடைத்தன. பாதிக்குப் பாதி ஆத்தாவை வைது எழுதியவை. செலவுக் கணக்கு, ஆண்பிள்ளை இல்லாத குறை, எல்லாம். அதில் ஒரு வரியைக்கூட டீச்சர் வாயால் நாங்கள் கேட்டதில்லை. பொய் சொல்லக்கூடாது என்று எங்களைப் பெஞ்சில் ஏற்றியவர் அவர்! இதையே கோவிலில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆத்தாவுக்கு இப்போது 84 வயது. அவர்களும் வருகிறார்கள். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், தேவகோட்டை)

பதில்: அன்புள்ள ஆச்சிக்கு,

சின்னத் தயக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். தாராளமாகப் பேசலாம். உங்கள் ஊரிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடம். அங்கே அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பும் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போகிறவர்களிடம் நீ எந்தக் கோயில் என்று யாரும் கேட்பதில்லை. பூசையில் மற்றவர்கள் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்கால் போட முடியாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம். நற்கருணை அப்பம் வாங்க வரிசை போகும்போது மட்டும் நீங்களும் ஆத்தாவும் இடத்திலேயே இருங்கள். அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு உரியது. நினைவுப் பேச்சு பெரும்பாலும் அதற்கு அப்புறம், கடைசி ஆசீருக்கு முன்னால் வரும். சில பங்குத் தந்தையர் பூசை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு நாள் முன்பே தங்கை மகனிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, அந்தக் கடிதங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போனவர்களின் வீடுகளில் கடிதம் என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்த நாளில் எழுதத் தெரியாத வீட்டுக்கு வாத்தியாரும் தபால்காரரும்தான் கண். மணியார்டர் ஃபாரம் நிரப்புவது, தந்தி வந்தால் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்வது, எதற்கும் சம்பளம் கிடையாது. புருஷன் பெண்டாட்டி விஷயம் முழுக்க மூன்றாம் ஆள் ஒருவரின் தொண்டை வழியாகப் போக வேண்டும். அந்த மூன்றாம் ஆளின் நிலைமையை நாம் யோசிப்பதே இல்லை. வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். கல்யாணமாகாத பெண். நாள் முழுக்கக் கத்தி ஓய்ந்த தொண்டை. எதிரே ஆவலாக உங்கள் ஆத்தா, பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நீங்கள். கையில் அந்தக் காகிதம். அவருக்கு இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

டீச்சர் செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். தன்னைப் பற்றித் தன் வீட்டுக்காரர் என்ன எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆத்தாவுக்கு உரிமை உண்டு. தெரிந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்த வாய்ப்பை டீச்சர் எடுத்துக்கொண்டார். ஆனால் நான் அந்த முகப்பில் உட்கார்ந்திருந்தாலும் அந்த வரிகளைப் படித்திருக்கமாட்டேன், ஏழு வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போது. ஒன்று கேட்கிறேன், ஆத்தா சொல்லச் சொல்லப் பதில் எழுதியது யார்? அதுவும் டீச்சர்தான் என்றால், அங்கே அவர் என்ன விட்டார், என்ன சேர்த்தார் என்பது அப்பச்சியின் அடுத்த கடிதத்தில் தெரியும். எடுத்துப் பாருங்கள். (வம்புக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி.)

கோவிலில் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். டீச்சரின் பெயருக்காக இல்லை, அது தாங்கும். ஐம்பது வருடத்துக்கு முன் வந்த வசவை ஆத்தா முதல்முறையாக மைக்கில், ஊரார் நடுவில், பதில் சொல்ல அப்பச்சியும் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டாம். டீச்சர் முகப்பில் வைத்தே படிக்காததை நீங்கள் கோவிலில் வைத்துப் படிக்கப்போகிறீர்களா?

அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள், போதும். பினாங்குக் கடிதம், பள்ளி விட்டு வந்து உட்காரும் டீச்சர், படிக்கும் முன் பேசாமல் இருந்தது, நீங்கள் அதை ஜெபம் என்று நினைத்தது. அதோடு நிறுத்திவிடுங்கள். ஏன் அப்படி இருந்தார் என்ற விளக்கம் வேண்டாம்.

கூடவே ஒன்றையும் சேர்க்கலாம். டீச்சர் சின்ன வயதில் கேட்டது லத்தீன் பூசை. 1962-65-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவால்தான் பூசை தமிழுக்கு வந்தது. அப்போது அவருக்கு முப்பதை ஒட்டி வயது. வேறு யாரோ வாசிக்க, அர்த்தம் பிடிபடாமல் நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் உங்கள் ஆத்தாவுக்குக் கடிதம் படித்தார்.

‘தியாகச் சுடர்’, ‘தன்னலமற்ற சேவை’ எல்லாம் வேண்டாம். நான் ஒருமுறை எங்கள் கணக்கு வாத்தியாரின் நினைவுக் கூட்டத்தில் இப்படித்தான் அடுக்கினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. இறங்கி வந்தால், அவர் வீட்டம்மா என் கையைப் பிடித்து, “சார் குடையைப் பத்தி யாருமே சொல்லலையேப்பா” என்றார். வெயிலோ மழையோ அக்குளில் இடுக்கிய குடையோடு 30 வருடம் நடந்த மனிதர். எனக்கு அது தோன்றவே இல்லை.

எழுதிவைத்துப் படியுங்கள். ஃபுல்ஸ்கேப்பில் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ‘அம்மையார்’, ‘அன்னார்’ என்று ஆரம்பிக்காமல் டீச்சர் என்றே சொல்லுங்கள். முப்பதாம் நாளுக்கு முன் ஒரு சாயங்காலம் தங்கை மகன் வீட்டுக்குப் போய், அவரிடம் மட்டும் விட்டுப்போன வரிகளைப் பற்றிச் சொல்லுங்கள். பெரியம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று. அது அவருக்குச் சேர வேண்டியது.

ஆத்தாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியும் என்கிறீர்கள். அப்படியென்றால் தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்திருப்பார்கள். நீலத்தாளின் ஓரம் வரை நெருக்கி எழுதிய கடிதம் நாலு வரி நலம் விசாரிப்பில் முடிந்தால், ஒருமுறை ஏமாறலாம், எல்லா முறையுமா? அந்தக் கடிதங்களைக் கிழிக்காமல் பெட்டகத்தில் வைத்திருந்ததும் அவர்கள்தானே. நீங்களாக எதையும் கேட்க வேண்டாம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களாக ஆரம்பித்தால் ஆரம்பிக்கட்டும்.