மறுமொழி: அப்பா மனநல டாக்டரிடம் வர மறுக்கிறார் (பேராவூரணி)

கஜா புயலில் தென்னந்தோப்பு போனதிலிருந்து அப்பா சரியாகத் தூங்குவதில்லை, மனநல டாக்டர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறார், பாட்டியோ மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

நெல் போனால் அடுத்த சம்பா உண்டு. தென்னை மறுபடி காய்க்கப் பல வருடம் ஆகும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிந்தபோது அவர் கண்ட தோப்பைப் பற்றி வீட்டில் யாராவது அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? அறிவுரை சொல்லாமல் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், 'மனச்சோர்வு' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் வயதுக்காரர்கள் பலர் தூக்கமில்லை, பசியில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவையும் இந்த நோயின் அறிகுறிகளே. தூக்கத்துக்காக என்று வழக்கமான டாக்டரிடமே கூட்டிப்போங்கள். சர்க்கரை, தைராய்டு பார்த்துவிட்டு அவரே தஞ்சை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு எழுதித் தந்தால் அப்பா தட்டுவது கஷ்டம்.

பாட்டியோடு சண்டை வேண்டாம். குணசீலம் பெருமாளிடம் 48 நாள் தங்கி வேண்டிக்கொள்வது காவிரிக்கரையில் தலைமுறைகளாக இருக்கிற நம்பிக்கை. போய் வாருங்கள், ஆனால் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அது நிற்கக் கூடாது. அது வேலை செய்யவே சில வாரம் ஆகும்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினால் தாமதிக்காதீர்கள். பூச்சிமருந்தை இன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவர் பேசாவிட்டாலும் நீங்கள் கூப்பிடலாம்.